போன் சார்ஜ் பொயின்ற் போட்ட நாளிலிருந்து பற்றரி இறங்குகிறது – திருகோணமலை

உப்புவெளி 125 | ஞாயிறு, இரவு 8.40

எல்லோருக்கும் வணக்கம். என்னுடையது 125 சிசி பைக். 2020 இல் வாகன இறக்குமதி நின்றதோடு புதியது வாங்கும் எண்ணத்தை விட்டுவிட்டேன், இதையே பார்த்துப் பார்த்து ஓட்டி வருகிறேன். ரவுணிலிருந்து நிலாவெளி, குச்சவெளி வரை பார்சல் கொடுப்பது என் தொழில். நாள் முழுக்க போனில் வரைபடம் திறந்தபடி இருக்கும். மத்தியானத்துக்குள் போன் செத்துவிடுகிறது என்று மூன்று மாதத்துக்கு முன் ஒரு கராஜில் ஹாண்டிலில் யூஎஸ்பி பொயின்ற் ஒன்று போட்டேன். வோல்ட் அளவை நீல இலக்கத்தில் காட்டும் வகை.

அன்று பிடித்த தொல்லை இன்னும் விடவில்லை. இருந்த பற்றரி ஆறு கிழமையில் போனது. அது பழையது, போகட்டும் என்று புதிதாக ஒன்று வாங்கிப் போட்டேன். 12 வோல்ட், 5 அம்பியர் மணி, தண்ணீர் ஊற்றும் வகை. ஒரு மாதம்தான் ஆகிறது. வெள்ளி மாலை நிறுத்திய வண்டியைத் திங்கள் காலை செல்ஃப் அடித்தால் சீற்றுக்கு அடியில் டக் டக் என்ற சத்தம் மட்டும் வருகிறது. கிக் அடித்துத்தான் வேலைக்குப் போகிறேன்.

பக்கத்து வீட்டில் கார் பற்றரிக்குப் போடும் பழைய சார்ஜர் இருக்கிறது, 10 அம்பியர் என்று எழுதியிருக்கிறது. அதில் போட்டால் சரிவருமா? பொயின்றைக் கழற்றிவிட்டு இருக்கவும் முடியாது, போன் இல்லாமல் தொழில் இல்லை. மூன்றாவது பற்றரி வாங்கும் நிலையிலும் நான் இல்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


உட்துறைமுக வீதி வயர்மன் | ஞாயிறு, இரவு 9.15

தம்பி, முதலில் அந்தக் கார் சார்ஜரைக் கிட்டக் கொண்டுபோக வேண்டாம். காரணம் பிறகு சொல்கிறேன்.

ஒரு கேள்வி. திறப்பை எடுத்த பிறகும் அந்த நீல இலக்கம் எரிகிறதா? எரிந்தால் பாதி விடை அதிலேயே இருக்கிறது.

அடுத்தது, யாரிடமாவது மல்டிமீற்றர் ஒன்று இரவல் வாங்கு. ஹாட்வெயார் கடையில் விற்கும் மலிவானதே போதும். நான்கு அளவுகள் வேண்டும். காலையில் வண்டியைத் தொடுவதற்கு முன் பற்றரி எவ்வளவு, ஐடிலில் எவ்வளவு, நன்றாக முறுக்கினால் எவ்வளவு, தூக்கிப் போட்ட பழைய பற்றரி எவ்வளவு. பழையதை எறிந்துவிடவில்லையே?


உப்புவெளி 125 | செவ்வாய், மாலை 6.20

அண்ணன், இலக்கம் எரிகிறது. இரவில் முற்றத்தில் நீலமாகத் தெரியும். வீட்டில் உள்ளவர்களுக்கு வண்டி நிற்கிறது என்று காட்டும் விளக்கு மாதிரி ஆகிவிட்டது, நான் அதைப் பெரிதாக நினைக்கவில்லை.

அளவுகள் இவை. காலையில் 12.1. ஐடிலில் லைற்றும் போனும் போட்டபடி 13.1. முறுக்கினால் 14.2 வரை போய் அங்கேயே நிற்கிறது. பழைய பற்றரி கோழிக்கூட்டுக்குப் பக்கத்தில் கிடந்தது, அதில் 10.4.


உட்துறைமுக வீதி வயர்மன் | செவ்வாய், இரவு 7.50

நல்ல அளவுகள். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

12 வோல்ட் பற்றரிக்குள் ஆறு அறைகள், ஓர் அறைக்கு 2.1 வோல்ட். நிறைந்த பற்றரி சில மணி நேரம் சும்மா நின்ற பிறகும் 12.6, 12.7 காட்ட வேண்டும். 12.4 என்றால் ஏறக்குறைய முக்கால்வாசி. 12.2 என்றால் அரைவாசி. 12.0 க்குப் பக்கத்தில் கால்வாசிதான் மிச்சம். உன்னுடைய 12.1 அரைவாசிக்கும் கீழே. பழையதில் 10.4 என்றால் ஓர் அறை போய் ஐந்து அறைதான் உயிரோடு இருக்கிறது என்று பொருள். அதற்கு எந்தச் சார்ஜரும் உதவாது, பழைய ஈயம் எடுப்பவர்களிடம் கொடுத்துவிடு. புதியது பிழைக்கும்.

முறுக்கும்போது 14.2 வருவது நல்ல சேதி. எஞ்சின் சுற்றும்போது கரண்ட் தரும் மக்னெற் கொயிலும், அந்த வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் ரெகுலேற்றரும் சரியாக இருக்கின்றன. அங்கே 15 ஐத் தாண்டினால் ரெகுலேற்றர் போய்விட்டது, பற்றரி கொதிக்கும். 13 க்கு மேல் ஏறவே இல்லையென்றால் சார்ஜ் ஆகவில்லை. உனக்கு இரண்டும் இல்லை.

ஆகவே வண்டி கொடுக்கிறது. நீ நிறுத்தியிருக்கும்போது ஏதோ எடுக்கிறது. எவ்வளவு எடுக்கிறது என்று பார். திறப்பை எடுத்துவிட்டு பற்றரியின் மைனஸ் வயரைக் கழற்று. மீற்றரின் சிவப்பு வயரை 10 அம்பியர் துளைக்கு மாற்றி, ஒரு முனையைக் கழற்றிய வயரிலும் மற்றதைப் பற்றரியின் மைனஸ் முனையிலும் பிடி. அந்த நேரம் தவறியும் திறப்பைப் போட்டு செல்ஃப் அடிக்காதே, மீற்றரின் பியூஸ் போய்விடும். அளவு மிகச் சிறிதாக இருந்தால் மில்லி அம்பியர் துளைக்கு மாற்றிப் பார்.


உப்புவெளி 125 | செவ்வாய், இரவு 9.30

பார்த்தேன் அண்ணன். 24 மில்லி அம்பியர். பொயின்றின் வயரைக் கழற்றினால் சுழியம்.


உட்துறைமுக வீதி வயர்மன் | செவ்வாய், இரவு 10.05

அதுதான் கள்ளன். 24 மில்லி அம்பியர் என்றால் சின்னதாகத் தெரியும். 24 மணி நேரத்தால் பெருக்கிப் பார், நாளுக்கு அரை அம்பியர் மணிக்கும் சற்றுக் கூட. உன் பற்றரியின் மொத்தமே 5. வெள்ளி மாலையிலிருந்து திங்கள் காலை வரை அறுபது மணி நேரம், கிட்டத்தட்ட ஒன்றரை அம்பியர் மணி போய்விடும். லாரி பற்றரியாக இருந்தால் அது உணராது. இந்தச் சின்னப் பற்றரிக்கு அது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு.

அதோடு உன் தொழிலையும் பார். ஒரு நாளைக்கு எத்தனை இடத்தில் நிறுத்தி மறுபடி செல்ஃப் அடிக்கிறாய்? நாற்பது இடம் என்று வைத்துக்கொள். ஸ்ராட்டர் மோட்டார் ஒரு முறைக்கு 50 அம்பியர் அளவில் இரண்டு வினாடி இழுத்தால் நாற்பது முறைக்கு ஓர் அம்பியர் மணிக்கு மேல் ஆகிறது. இடையில் ஓடுவது இரண்டு மூன்று கிலோமீற்றர், அதுவும் ஒழுங்கைக்குள் மெதுவாக. ஐடிலில் 13.1 என்றால் பற்றரிக்குள் போவது கொஞ்சம்தான். பகலில் வாங்குவதும் கொடுப்பதும் சரிக்குச் சரி, இரவில் அந்த நீல விளக்கு தின்கிறது. ஒவ்வொரு கிழமையும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி வந்திருக்கிறது.


கந்தளாய் வெட்டை | புதன், காலை 7.10

வயர்மன் அண்ணன் சொல்வதை நான் முழுதாக ஏற்கவில்லை. என் வண்டியிலும் இதே பொயின்ற், நேரே பற்றரியிலிருந்து, மூன்று வருடமாக. இலக்கம் இரவு பகலாக எரிகிறது. தனியாகச் சார்ஜ் போட்டதே இல்லை, பற்றரி மாற்றியதும் இல்லை. வண்டி ஓடினால் பற்றரி தானாக நிறையும். பற்றரியே தரக்குறைவாக இருக்கலாம் அல்லவா?


உட்துறைமுக வீதி வயர்மன் | புதன், மதியம் 1.00

நீங்கள் ஒவ்வொரு நாளும் கந்தளாயிலிருந்து ரவுணுக்கு வந்து போகிறவர் என்றால் உங்கள் கணக்கு வேறு. போக நாற்பது கிலோமீற்றர், வர நாற்பது. நல்ல றோட், ஒரே சீரான வேகம், 14 வோல்ட்டில் மணிக்கணக்காக நிற்கும். அரை அம்பியர் மணியை நீங்கள் சீனன்குடா தாண்டும்போதே திருப்பி நிரப்பியிருப்பீர்கள். தம்பி அப்படி ஓடவில்லை. ஒரே பொயின்ற், ஒரே பற்றரி, ஓட்டம்தான் வேறு. நீங்களும் ஒரு பத்து நாள் காய்ச்சலில் படுத்து வண்டியை நிறுத்திப் பார்த்தால் தெரியும்.


கந்தளாய் வெட்டை | புதன், மதியம் 1.25

ஓட்டத்தைப் பற்றிச் சொன்னது சரிதான். நான் அப்படி யோசிக்கவில்லை.


கிண்ணியாக் கரை | புதன், இரவு 8.00

கார் சார்ஜர் பற்றி நான் சொல்கிறேன், பட்டவன் நான். 2022 இல் பெற்றோல் இல்லாமல் கியூஆர் முறையில் பைக்குக்குக் கிழமைக்கு நான்கு லீற்றர் கொடுத்தார்களே, அந்தக் காலத்தில் என் வண்டி மாதக்கணக்கில் தாவாரத்தில் நின்றது. வண்டியை எடுக்கலாம் என்று பார்த்தால் பற்றரியில் உயிர் இல்லை. பெரியப்பா வீட்டுக் கார் சார்ஜரில் போட்டுவிட்டு மஃரிப் தொழுகைக்குப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது பற்றரியின் பக்கச் சுவர் இரண்டும் வயிறு மாதிரிப் புடைத்திருந்தன. கையை வைக்க முடியாத சூடு. அறை முழுக்க அழுகிய முட்டை நாற்றம். கிளிப்பைப் பிடுங்கப் போன என்னைப் பெரியப்பா கையைப் பிடித்து நிறுத்தி, முதலில் சுவர் சுவிச்சை அணைத்தார். அவர் நிறுத்தியிராவிட்டால் என்ன நடந்திருக்கும் என்று இப்போதும் நினைப்பேன். தம்பி, அதைச் செய்யாதே.


உட்துறைமுக வீதி வயர்மன் | புதன், இரவு 9.10

உங்கள் பெரியப்பா தெரிந்த மனிதர். சார்ஜ் ஏறும்போது, அதிலும் கூடுதலாக ஏற்றும்போது, பற்றரியிலிருந்து ஐதரசன் வாயு வருகிறது. கிளிப்பைப் பிடுங்கும்போது வரும் ஒரு பொறி போதும், பற்றரி வெடித்து அசிட் முகத்தில் அடிக்கும். ஆகவே கிளிப்பை மாட்டிய பிறகு சுவிச் போடு. கழற்றுவதற்கு முன் சுவிச்சை அணை. சார்ஜ் போடும் இடத்தில் காற்று வர வேண்டும், பீடி சிகரெட் கூடாது, சாமி அறைக்குப் பக்கத்திலும் வேண்டாம்.

அளவுக்கு வருவோம். தண்ணீர் ஊற்றும் பற்றரிக்கு அதன் கொள்ளளவில் பத்தில் ஒரு பங்கு கரண்டே நிதானமான சார்ஜ். 5 அம்பியர் மணிக்கு அரை அம்பியர். 10 அம்பியர் கொடுப்பது கைக்குழந்தைக்கு ஒரு பானைச் சோற்றை ஊட்டுவது போல. பைக்குக்கென்று விற்கும் சின்னத் தானியங்கிச் சார்ஜர் ஒன்று வாங்கு. 14.4 வோல்ட் அளவு வரை ஏற்றி, பிறகு 13.6 அளவில் தாங்கிப் பிடிக்கும். அதில் போட்டுவிட்டு நித்திரைக்குப் போகலாம் என்று சொல்வார்கள், ஆனாலும் முதல் தடவை நான் பக்கத்தில் இருந்து பார்ப்பேன். உன் பற்றரி அரைக்குக் கீழே இருப்பதால் ஏழெட்டு மணி நேரம் எடுக்கும்.

வண்டியிலிருந்து கழற்றும்போது முதலில் மைனஸ், பூட்டும்போது கடைசியாக மைனஸ். பிளஸ்ஸை முதலில் கழற்றினால் ஸ்பானர் தவறிப்போய் சேசிஸில் படும், அந்தப் பொறியில் ஸ்பானரே உருகிய கதைகள் என் கண்ணுக்கு முன் நடந்திருக்கின்றன. பற்றரியின் மூடிகளைத் திறந்து தண்ணீர் மட்டத்தைப் பார். இரண்டு கோடுகளுக்கு நடுவில் இருக்க வேண்டும். குறைந்தால் காய்ச்சி வடித்த நீர் மட்டும். கடையில் கேட்கும்போது கவனம், பக்கத்துத் தட்டிலேயே அதே மாதிரிப் போத்தலில் அசிட் இருக்கும். ஓடுகிற பற்றரிக்கு அசிட் ஊற்றவே கூடாது, குறைவது தண்ணீர்தான். கிணற்றுத் தண்ணீரும் வேண்டாம், நம் கரையோரக் கிணறுகளில் உப்பு. முழுதாக அடைத்த, தண்ணீர் ஊற்றாத வகைப் பற்றரி வைத்திருப்பவர்கள் அந்த மேல்பட்டையைக் கிளப்ப வேண்டாம், அது திறப்பதற்கு இல்லை.

இறங்கிய பற்றரியை அப்படியே விட்டு வைப்பதுதான் பெரிய கேடு. தகட்டில் வெள்ளையாகச் சல்பேற் படிந்து இறுகிவிடும், பிறகு சார்ஜ் ஏறாது. 2022 இல் என்னிடம் வந்த பற்றரிகள் பல அப்படித்தான் போயின. ஓடித் தேய்ந்தவை இல்லை, நின்று செத்தவை.


மூதூர் ரீச்சர் | வியாழன், மாலை 5.30

நான் ஸ்கூட்டர் ஓட்டுகிறேன். பாடசாலை வீட்டிலிருந்து இரண்டு கிலோமீற்றர்தான். மாதத்துக்கு ஒருதரம் கிண்ணியாப் பாலத்தால் ரவுணுக்கு வருவேன். சீற்றுக்கு அடியில் சார்ஜ் பொயின்ற் வண்டியோடு வந்தது, பின்னர் போட்டதில்லை. திறப்பைப் போட்டால்தான் வேலை செய்யும். எனக்கும் காலையில் செல்ஃப் மெதுவாகத்தான் சுற்றுகிறது. நானும் போன் சார்ஜ் போடாமல் இருக்க வேண்டுமா?


உட்துறைமுக வீதி வயர்மன் | வியாழன், இரவு 7.45

ரீச்சர், உங்களுக்குப் பொயின்றில் பிழை இல்லை. போன் எடுப்பது ஏறக்குறைய 10 வாட், பற்றரிப் பக்கம் ஓர் அம்பியர் அளவு. ஆனால் இரண்டு கிலோமீற்றர் ஐந்து நிமிட ஓட்டம். செல்ஃப் எடுத்ததைத் திருப்பிக் கொடுக்கவே அது போதாத நேரம், அதில் போனுக்கும் பங்கு கொடுத்தால் மிஞ்சாது. பாடசாலைக்குப் போகும்போது போனைச் செருகாமல் விடுங்கள், ரவுணுக்கு வரும் நாளில் செருகுங்கள். காலையில் முதல் தரம் கிக் அடிக்க முடிந்தால் அடியுங்கள். மாதம் ஒரு இரவு சின்னச் சார்ஜரில் போடுங்கள். அதோடு செல்ஃப் அடிக்கும் நேரம் யாரையாவது மீற்றர் பிடிக்கச் சொல்லிப் பாருங்கள். 9.6 க்குக் கீழே விழுந்தால் பற்றரிக்கு வயதாகிவிட்டது.


சல்லிக் கரை | வியாழன், இரவு 9.00

நான் வேறொரு விடயம் சொல்ல வேண்டும். இங்கே எல்லோரும் பற்றரி இறங்குவதைப் பேசுகிறீர்கள், எனக்கு இறங்கவில்லை, எரிந்தது.

போன வருடம் ஹாண்டிலில் பொயின்ற் போட்டார்கள். பற்றரியிலிருந்து நேரே இரண்டு மெல்லிய வயர், தொட்டிக்கு அடியால், பியூஸ் இல்லை. ஹாண்டில் கழுத்தில் வயரை இழுத்துக் கட்டியிருந்தார்கள். நிலாவெளியிலிருந்து வரும்போது சாம்பல்தீவைத் தாண்டியதும் பிளாஸ்டிக் எரியும் மணம். தொட்டிக்கும் சீற்றுக்கும் இடையில் புகை. பின்னால் என் மகள் இருந்தாள். அவளை இறக்கி ஓடச் சொல்லிவிட்டு சீற்றைத் திறந்து மைனஸ் வயரைக் கையால் முறித்துப் பிடுங்கினேன். விரல் இரண்டில் இன்னும் அடையாளம் இருக்கிறது.

பிறகு பிரித்துப் பார்த்தால், ஒவ்வொரு தரமும் ஹாண்டில் திரும்பும்போது வயர் சேசிஸின் விளிம்பில் உரசி, மேல்தோல் போய், செம்பு இரும்பைத் தொட்டிருக்கிறது. மேலே ஆறு லீற்றர் பெற்றோல். தம்பி, உன் வண்டியில் பியூஸ் இருக்கிறதா என்று இன்றைக்கே பார். நாளைக்கு விடாதே.


உப்புவெளி 125 | வியாழன், இரவு 9.20

இப்போதுதான் ரோர்ச் அடித்துப் பார்த்தேன். பியூஸ் இல்லை. பொயின்றின் இரண்டு வயரையும் பற்றரியிலிருந்து கழற்றி முனையில் இன்சுலேசன் ரேப் சுற்றி வைத்துவிட்டேன். நன்றி அண்ணன். மகள் நலம்தானே?


சல்லிக் கரை | வியாழன், இரவு 9.25

நலம். பைக்கில் ஏற மாட்டேன் என்று இரண்டு மாதம் பஸ்ஸில் போனாள், இப்போது வருகிறாள்.


உட்துறைமுக வீதி வயர்மன் | வெள்ளி, காலை 6.30

சல்லிக்காரர் சொன்னதை வாசித்துவிட்டு இரவு நித்திரை வரவில்லை. எத்தனை வண்டியில் இப்படி ஓடுகிறார்களோ.

பியூஸ் பொயின்றைக் காப்பாற்றுவதற்கு என்று பலர் நினைக்கிறார்கள், ஹாண்டிலுக்குப் பக்கத்தில் அழகாக ஒன்றை வைத்துவிடுகிறார்கள். பியூஸ் வயரைக் காப்பாற்றுவதற்கு. பற்றரிக்கும் பியூஸுக்கும் இடையில் உள்ள துண்டுக்குப் பாதுகாப்பே இல்லை, ஆகவே அந்தத் துண்டு எவ்வளவு குட்டையோ அவ்வளவு நல்லது. ஒரு சாணுக்குள் இருக்கட்டும். ஒரு யூஎஸ்பி பொயின்றுக்கு 3 அம்பியர் பியூஸ் தாராளம், விரைவுச் சார்ஜ் வகை என்றால் 5. வயர் ஒரு சதுர மில்லிமீற்றர் எடு, மெல்லியது வேண்டாம். போய்விட்ட பியூஸுக்குப் பதில் வெள்ளிக் காகிதம் சுற்றுவது, 20 அம்பியர் போடுவது எல்லாம் பியூஸ் இல்லாததற்குச் சமம்.

அடுத்தது, திறப்போடு சேர்ந்து அணைய வேண்டும். அதற்கு இரண்டு வழி. திறப்போடு கரண்ட் வரும் வயரிலிருந்து எடுப்பது ஒன்று. ரிலே, அதாவது சின்னக் கரண்டால் பெரிய கரண்டை இயக்கும் சுவிச், வைப்பது மற்றது.


கந்தளாய் வெட்டை | வெள்ளி, காலை 7.00

இடையில் வருவதற்கு மன்னிக்கவும். ஒரு போனுக்கு ரிலே எல்லாம் தேவையில்லை என்பது என் கருத்து. ஹெட்லைற் வயரில் ஒரு கீறுப் போட்டு எடுத்தால் லைற்றோடு வரும், லைற்றோடு போகும். சிநேகிதன் ஒருவன் அப்படித்தான் செய்தான்.


உட்துறைமுக வீதி வயர்மன் | வெள்ளி, மதியம் 12.50

அவனுடைய பொயின்ற் இன்னும் வேலை செய்கிறதா என்று கேளுங்கள். பழைய சின்ன வண்டிகள் பலவற்றில் ஹெட்லைற் பற்றரியில் எரிவதில்லை, மக்னெற் கொயிலிலிருந்து நேரே வரும் ஏசி கரண்டில், அதாவது திசை மாறி மாறி ஓடும் கரண்டில், எரிகிறது. முறுக்கினால் வெளிச்சம் கூடும், ஐடிலில் மங்கும், எஞ்சின் நின்றால் அணையும். அப்படி உங்கள் லைற் நடந்துகொண்டால் அந்த வயரில் யூஎஸ்பி பொயின்றைத் தொடவே வேண்டாம், அது பற்றரி தரும் ஒரே திசைக் கரண்டான டீசிக்குச் செய்தது, சில நாளில் கருகும். போனையும் சேர்த்துக்கொண்டு போகலாம்.

ரிலே பற்றி நீங்கள் சொன்னதில் நியாயம் உண்டு. ஒரு போனுக்கு மட்டும் என்றால், திறப்புப் போட்டதும் டீசி வரும் வயரிலிருந்து ஒரு சின்னப் பியூஸோடு எடுத்தால் போதும். பிரேக் லைற் சுவிச்சுக்கு வரும் வயர், ஹோனுக்கு வரும் வயர் இவற்றில் தேடலாம். நிறத்தை வைத்துத் தேடுவோருக்கு ஒரு குறிப்பு. ஹொண்டாவில் திறப்புக்குப் பின் வரும் பிளஸ் கறுப்பு, ஏர்த் (மைனஸ் பக்கம்) பச்சை. யமஹாவில் பிளஸ் மண்ணிறம், ஏர்த் கறுப்பு. சுசூக்கியில் பிளஸ் செம்மஞ்சள், ஏர்த் கறுப்பில் வெள்ளைக் கோடு. ஹொண்டாவில் பழகியவன் யமஹாவில் கறுப்பைப் பிளஸ் என்று பிடித்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். ஆகவே நிறம் எது என்றாலும் மீற்றரை வைத்துப் பார்க்காமல் வெட்டாதீர்கள். திறப்புப் போட்டால் 12, எடுத்தால் சுழியம், முறுக்கினால் 14 ஐச் சுற்றி நிற்க வேண்டும், துள்ளக் கூடாது.

இரண்டு பொயின்ற், கூடுதல் லைற், காற்றடிக்கும் பம்ப் என்று ஆசை வந்தால் ரிலேதான். பம்ப் மட்டுமே எட்டு பத்து அம்பியர் எடுக்கும், அதைத் திறப்புச் சுவிச்சின் மெல்லிய வயரால் இழுத்தால் சுவிச் உருகும். ரிலேயின் அடியில் இலக்கம் இருக்கும். பற்றரிப் பிளஸ் பியூஸ் வழியாக 30 க்கு. 87 இலிருந்து பொயின்றுக்கு. திறப்பு வயர் 86 க்கு, 85 ஏர்த்துக்கு. ஐந்து கால் ரிலே என்றால் நடுவில் 87ஏ என்று இன்னொன்று இருக்கும், அதில் பூட்டிவிட்டால் எல்லாம் தலைகீழ், வண்டி ஓடும்போது அணைந்து நிற்கும்போது எரியும்.

பொயின்றின் மைனஸைப் பற்றரி மைனஸுக்கே கொண்டுவருவது நல்லது. நம் கடற்கரையில் சேசிஸ் ஆணிகள் துருப்பிடித்துவிடும், ஏர்த் நம்பத்தகாது.


சல்லிக் கரை | வெள்ளி, இரவு 8.15

உப்பைப் பற்றிச் சொன்னீர்கள், அதில் எனக்கு அனுபவம். எங்கள் வீட்டிலிருந்து அலைக்கு நூறு யார் தூரம். கச்சான் காற்றுக் காலத்தில் புழுதி, மாரியில் உப்புச் சாரல். இன்சுலேசன் ரேப் ஒரு வருடத்தில் பிசின் விட்டுப் போகிறது, உள்ளே செம்பு பச்சையாகப் பொரிந்து நிற்கும். இப்போது நான் முறுக்கி ரேப் சுற்றுவதே இல்லை. ஈயம் பிடித்து, சூட்டில் சுருங்கும் குழாய் போட்டு, மேலே கொஞ்சம் வஸ்லீன். பற்றரி முனையில் பூ மாதிரி வெள்ளை பிடித்தால் அப்பச்சோடாவை வெந்நீரில் கரைத்து பழைய பல் துலக்கும் பிரஷால் தேய்ப்பேன், நுரைத்துக்கொண்டு போகும். மூடியிருக்கும் அறைகளுக்குள் அந்தத் தண்ணீர் போகாமல் பார்க்க வேண்டும்.


கொட்பே கலம் | சனி, அதிகாலை 4.50

எல்லாவற்றையும் வாசித்தேன். நான் நெடுநாட்கலத்தில் போகிறவன். வண்டியைக் கொட்பேயில் தெரிந்த ஒருவரின் மீன் வாடியில் விட்டுவிட்டுப் போனால் மூன்று கிழமை, சில நேரம் ஒரு மாதம். வந்து பார்த்தால் ஒவ்வொரு முறையும் பற்றரி படுத்திருக்கும். அங்கே கரண்ட் இல்லை, சார்ஜர் போட முடியாது. என்ன செய்யலாம்?


உட்துறைமுக வீதி வயர்மன் | சனி, காலை 8.00

போகும்போது நிறைத்துவிட்டு, மைனஸ் வயரைக் கழற்றி, முனை தொடாமல் ரேப் சுற்றிவிட்டுப் போங்கள். ஒரு மாதத்துக்கு நல்ல பற்றரி தாங்கும். பற்றரி தானாகவும் கொஞ்சம் இறங்கும், சூடு கூடினால் இன்னும் வேகமாக இறங்கும், ஆகவே தகரக் கூரையின் கீழ் விடாமல் நிழலான மூலையில் விடச் சொல்லுங்கள். அடிக்கடி இப்படித்தான் என்றால் 10 வாட் சோலார் தட்டு ஒன்று, நடுவில் கட்டுப்படுத்தும் கருவி ஒன்றோடு, வாடிக் கூரையில் வைக்கலாம். கருவி இல்லாமல் தட்டை நேரே பற்றரியில் பூட்ட வேண்டாம், வெயிலில் தட்டு 18 வோல்ட்டுக்கு மேல் தரும்.


உப்புவெளி 125 | ஞாயிறு, மாலை 5.40

இன்று முழுநாளும் இதுதான் வேலை. எழுதி வைக்கிறேன், என்னைப் போல ஒருவருக்கு உதவும்.

நேற்று இரவு சின்னச் சார்ஜரில் போட்டேன், அரை அம்பியர் வகை. மூடிகளைத் திறந்தபோது ஆறு அறையில் இரண்டில் கீழ்க்கோட்டுக்கும் கீழே. வடித்த நீர் விட்டேன். இரண்டு மணி நேரம் பக்கத்திலேயே இருந்தேன். ஒன்பது மணியளவில் காதைக் கிட்ட வைத்தால் உள்ளே மெல்லிய சோடாச் சத்தம், பற்றரி வெதுவெதுப்புத்தான், சூடில்லை. காலை ஆறரைக்குப் பச்சை விளக்கு. சுவிச்சை அணைத்துக் கழற்றி வைத்து, மத்தியானம் அளந்தபோது 12.7.

அப்புறம் தொட்டியைக் கழற்றினேன். சல்லி அண்ணன் சொன்னது அப்படியே இருந்தது. ஹாண்டில் கழுத்துக்குப் பக்கத்தில் சிவப்பு வயரின் தோல் ஒரு நகம் நீளத்துக்கு மினுங்கத் தேய்ந்து, உள்ளே செம்பு ஒரு புள்ளியாகத் தெரிந்தது. இரண்டு நாள் போயிருந்தால்கூடத் தொட்டிருக்கும். அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் ஒன்றும் பேசவில்லை, வயரை விரலால் தடவிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

பழைய வயர் முழுவதையும் உருவி எடுத்துவிட்டேன். ஹோனுக்கு வரும் வயரில் மீற்றர் வைத்துப் பார்த்தேன். திறப்போடு 12.5, எடுத்தால் சுழியம், முறுக்கினால் 14.1. அதிலிருந்து எடுத்து, எடுத்த இடத்திலேயே 3 அம்பியர் பியூஸ். மைனஸ் நேரே பற்றரிக்கு. மூட்டுகளுக்கு ஈயமும் சுருங்கும் குழாயும். கழுத்தில் வயரைத் தளர்வாக ஒரு வளைவு விட்டு, ஹாண்டிலை இரண்டு பக்கமும் முழுதாகத் திருப்பி இழுபடவில்லை என்று பார்த்த பிறகே கட்டினேன். சைலன்சர் பக்கம் போகாமல் இடது பக்கத்தால் கொண்டுபோனேன்.

திறப்பை எடுத்து மீற்றர் பிடித்தேன். சுழியம். முற்றம் இருட்டாக இருக்கிறது, நீல விளக்கு இல்லை.


உட்துறைமுக வீதி வயர்மன் | ஞாயிறு, இரவு 7.30

நன்றாகச் செய்திருக்கிறாய் தம்பி. செல்ஃப் அடிக்கும்போது போன் பொயின்றில் இருந்தால் ஒரு கணம் வோல்ட் விழுந்து மறுபடி ஏறும், போனைச் செருகுவதை எஞ்சின் பிடித்த பிறகு வைத்துக்கொள். திங்கள் காலை என்ன அளவு என்று எழுது.


உப்புவெளி 125 | திங்கள், காலை 6.10

12.7. ஒரே அடியில் பிடித்தது. குச்சவெளிக்குப் புறப்படுகிறேன்.


கொட்பே கலம் | திங்கள், மாலை 3.30

நாளை விடியக் கடலுக்குப் போகிறோம். வண்டியை வாடியின் பின் மூலையில் நிறுத்தி மைனஸைக் கழற்றி ரேப் சுற்றிவிட்டேன். இப்போது 12.6. வந்ததும் அளந்து இங்கே போடுகிறேன்.